வீட்டுக்குள மீன் வளர்ப்போர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கச் செயல்பாடுகளை நிர்வாகக் குழுவின் சார்பில் இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடைபெற்றது. மழை காரணமாக ஐப்பசியிலும், தலைவர் இல்லத் திருமணம் காரணமாகத் தை மாதத்திலும் கூடவில்லை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். நம் குமரி மாவட்டத்துப் பறக்கை ஊரிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்திற்கு ஒரு நாள் சென்று வந்தோம். வேனில் இடம் போதாது என்று இரண்டாவது வண்டிக்குச் சொல்லிவைத்தது தேவைப்படவில்லை. ஓணத்தை ஒட்டி அல்லி, தாமரைக் கிழங்குகளைப் பரிமாறிக்கொண்டோம்.

இனிப் பொதுக்குளம் பற்றி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. உறுப்பினர்களுக்குக் குஞ்சு வழங்குவதற்கென ஒரு குளம் அமைப்பது என்று சென்ற பொதுக்குழுவில் எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேறியது. அதற்கான இடத்தை யார் தருவது என்று கேட்டபோதும் எதிர்ப்பு எழவில்லை, ஏனெனில் எவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே குளம் என் வீட்டுப் பின்புறத்தில் அமைந்தது. 'சங்கப் பணத்தில் செயலாளர் தம் விளையை (தோட்டத்தை) அழகுபடுத்திக்கொண்டார்' என்று சந்தையிலும் தேநீர்க் கடையிலும் பேசப்படுவதாக அறிகிறேன். கூட்டத்தில் எழுப்பப்பட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். எழுப்பப்படாததால் அறிக்கையில் சொல்கிறேன்.

குளம் 12 அடி நீளம், 8 அடி அகலம், 2½ அடி ஆழம் உடையது. கன அடிக்கு 28 லிட்டர் என்று கொண்டால் 6,700 லிட்டருக்குச் சற்று மேல் நீர் கொள்ளும். இடத்துக்கு வாடகை இல்லை, நீர் என் கிணற்றிலிருந்து வருகிறது. நீரைச் சுழற்றும் 40 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடுவதால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகிறது. அதாவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அரசு என் வீட்டுக்கு இலவசமாக அளிக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் சங்கத்தின் மீன்களுக்கே போகிறது. சங்கம் கொடுத்தது சிமெண்ட், மணல், கொத்தனார் கூலி, மோட்டார் ஆகியவற்றுக்கான தொகை மட்டுமே.

கட்டி முடித்த பிறகு மாதக்கணக்கில் மீன் விடவில்லை என்பது அடுத்த குறை. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையை உயர்த்தும். அந்த நீரில் விட்ட மீன் செவுள் புண்ணாகி, உடம்பில் சளி சுரந்து, ஓரிரு நாளில் சாகும். ஆகவே வாழைத்தடியை வெட்டித் துண்டுகளாக்கிக் குளத்தில் ஊறவைத்து, நீரை இறைத்துவிட்டு மறுபடி நிரப்பும் வேலையைக் கார நெடி போகும் வரை திரும்பத் திரும்பச் செய்தோம். மட்டி, ஏத்தன் வாழைகளில் குலை வெட்டிய பின் தடி வீணாகப் போகும் நம் ஊரில் இதற்குக் காசு செலவில்லை, ஆள்தான் செலவு. அந்த ஆள்களாக வந்தவர்கள் பொருளாளரும் அவர் மகனும்.

காரம் அடங்கினாலும் குளம் உடனே மீனுக்கு ஆயத்தமாவதில்லை. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதைச் செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் குளத்தில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய குளத்துச் சரளையையும் வேலம்பாசியையும் கொண்டுவந்து போட்டதால் சற்று விரைந்து நடந்தது. 'வாங்கினோம், விட்டோம், செத்தது' என்று ஆண்டுதோறும் என்னிடம் வந்து சொல்லும் உறுப்பினர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குளத்தின் விளிம்பைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்திக் கட்டியதைக் கொத்தனாரே வீண்செலவு என்றார். நம் மாவட்டத்தில் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவத்திலும் மழை, ஐப்பசியிலும் மழை. விளையில் ஓடும் மழைநீர் வாழைக்குப் போட்ட உரத்தையும் குருணை மருந்தையும், ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட்டையும் அடித்துக்கொண்டு வரும். கல்குளம் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் குளத்தில் கெண்டைகள் ஒரே இரவில் மிதந்ததற்கு நோய் என்று அவர் மருந்து தேடிக்கொண்டிருந்தார். மேட்டில் ரப்பர் ஷீட் அடிக்கும் தட்டுகளைக் கழுவிய நீர் நேராகக் குளத்துக்குள் இறங்குவதை நாங்கள் போய்க் காட்டிய பிறகுதான் நம்பினார். மழை மிகும்போது நீர் வழிந்து மீனும் வெளியேறாதிருக்க, விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே வலை கட்டிய வடிகுழாய் ஒன்றும் பொதுக்குளத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பொதுக்குளத்தில் என்ன மீன் வளர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. சென்னை கொளத்தூரிலிருந்து கோய் கெண்டையும் தங்கமீனும் வரவழைக்க வேண்டும் என்று சிலர் விரும்பினர். ஆக்சிஜன் நிரப்பிய பையில் இரவெல்லாம் பயணம் செய்து வரும் மீன்களில் பாதி பிழைத்தாலே பெரிது என்பதோடு, கோய் நன்கு வளர நான்கு அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும், நம் உறுப்பினர்களில் பெரும்பாலோரிடம் அது இல்லை. ஆகவே உள்ளூர் மீன்களையே தேர்ந்தோம். மணக்குடி, தேங்காப்பட்டணம் காயல்களில் கிடைக்கும் கரிமீன் நன்னீருக்கும் பழகும், நூல்பாசியைத் தின்னும், தாயும் தந்தையுமாகக் குஞ்சுகளைக் காவல் காக்கும். வளர்ச்சி மெல்ல என்பது மட்டுமே குறை. நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் மானத்துக்கண்ணியோ நீர்ப்பரப்பிலேயே திரிந்து கொசுப்புழுவைப் பொறுக்கித் தின்னும். அது செடி வேர்களில் ஒட்டிவைக்கும் முட்டை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரியும். முட்டையையும் குஞ்சையும் பெரிய மீன் தின்றுவிடுமாதலால் வேரோடு எடுத்துத் தனித் தொட்டியில் வைக்க வேண்டும். இந்த வேலையை அதிகாலையில் செய்பவர் யார் என்பதைப் பொதுக்குழுவின் ஊகத்துக்கு விடுகிறேன்.

மீன்கொத்தி, மடையான், நீர்க்கோலிப் பாம்பு ஆகியவற்றிடமிருந்து காக்கக் குளச்சல் உறுப்பினர் ஒருவர் பழைய வலை தந்தார். மானத்துக்கண்ணி துள்ளி வெளியே விழாமலும் அதே வலை காக்கிறது. அவருக்கு நன்றி.

கொசு தொடர்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். டெங்கு ஒழிப்புக்காக வீடு வீடாக வந்தவர்கள் மூன்று உறுப்பினர்களின் குளங்களை வடித்துவிடச் சொன்னதாகப் புகார் வந்தது. மீன் உள்ள குளத்தில் கொசுப்புழு தங்காது என்பதை விளக்கி உரிய அலுவலகத்துக்கு எழுதினேன்; பதில் வரவில்லை, நினைவூட்டலுக்கும் வரவில்லை. ஆயினும் அவர்கள் சொன்னதில் ஒரு பகுதியை நாம் ஏற்க வேண்டும். மழைக்காலத்தில் பால்வெட்டு நிறுத்தியதும் ரப்பர் மரங்களில் கவிழ்க்காமல் விட்ட சிரட்டைகளும், குளக்கரையில் கிடக்கும் உடைந்த வாளிகளும் கொசுவுக்குப் போதுமானவை. குளத்தைக் காட்டி வாதாடும்முன் விளையைச் சுற்றி வாருங்கள்.

மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிரும்போது குளத்தின் மேல் வலை கட்டாதவர்களின் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளப்பது இந்த ஆண்டும் நடந்தது. அழுகும் இலை நீரின் ஆக்சிஜனைத் தின்கிறது, இரவில் பாசியும் தின்கிறது, ஆகையால் விடியும் நேரமே மிகவும் குறைந்திருக்கும் நேரம். தீனியை ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்கு மேல் போடாமலிருந்தாலே பாதிக் கவலை தீரும்.

எனக்குப் பெரும் மன வருத்தம் தந்த செய்தி வேறு. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய மீன் ஒரு முழம் வளர்ந்துவிட்டதால் அதைக் கொல்ல மனமின்றி வாய்க்காலில் விட்டுவிட்டதாக உறுப்பினர் ஒருவர் கூட்டத்திலேயே, ஏதோ தருமம் செய்ததுபோல், சொன்னார். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த உறிஞ்சுவாய்க் கெளுத்தி கரையைக் குடைந்து பொந்தில் முட்டையிடும். உடம்பெங்கும் கவசமாகையால் பறவைக்கும் பெரிய மீனுக்கும் எளிதில் இரையாகாது. நம் குளங்களெல்லாம் வாய்க்காலால் ஒன்றோடொன்று கோத்தவை. 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் இந்த மாவட்டத்தில்தான் உள்ளன. இனி எந்த வெளிநாட்டு மீனையும் வளர்க்க இயலாதவர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், நீர்நிலையில் விடுபவர் உறுப்பினராகத் தொடர இயலாது என்றும் தீர்மானம் ஒன்றை இன்று முன்மொழிகிறேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நாட்டிலேயே தடைசெய்யப்பட்டது என்பதையும், 'தேளி' என்று சொல்லி விற்க வருபவர்களிடம் வாங்க வேண்டாம் என்பதையும் மறுபடி நினைவூட்டுகிறேன்.

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப் புறக்கடையில் அலங்கார மீன் வளர்க்க 3 லட்சம் ரூபாய் அலகுச் செலவுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. இதைக் கூட்டத்தில் விளக்கியது செயலாளரின் கடமை. விண்ணப்பத்தை எழுதி, கையொப்பம் வாங்கி, அலுவலகம் சென்று விசாரித்து வருவது செயலாளரின் கடமை அன்று.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் பெரும்பாலும் ஈடாகவே இருந்தன; கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, காரணம் பொதுக்குளம். விரிவான கணக்கும் ரசீதுகளும் பொருளாளரிடம் உள்ளன; விரும்புவோர் பார்க்கலாம், இதுவரை யாரும் விரும்பவில்லை. சந்தாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆண்டுச் சந்தாவை ஆண்டுக்குள் செலுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. கூட்டத்துக்கு வாராதவர்களும் சந்தா செலுத்தாதவர்களும் பெரும்பாலும் ஒரே ஆள்களே என்பதும், குஞ்சு வழங்கும் நாளில் வரிசையின் முன்னே நிற்பவர்களும் அவர்களே என்பதும் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பதிவேடு மேசைமேல் உள்ளது.

ஆண்டு முழுதும் ஒத்துழைத்த நிர்வாகக் குழுவினருக்கும், கூட்டத்துக்கு மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் அளித்த மகளிர் உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் பொதுக்குளத்தை வேறு உறுப்பினர் ஒருவரின் இடத்துக்கு மாற்றுவதில் எனக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை. ஐந்து மணி நேரமாவது வெயில் விழும், தென்னையும் பலாவும் மேலே கவியாத இடமும், கோடையிலும் வற்றாத கிணறும், விடியுமுன் எழும் பழக்கமும் உள்ளவர் எவராயினும் இன்று மேடையிலேயே பெயர் கொடுக்கலாம். செயலாளர் பொறுப்புக்கும் அதே விதி பொருந்தும். பெயர் வராத நிலையில் குளமும் பொறுப்பும் இருக்கும் இடத்திலேயே இருக்கும். ஆனால் மோட்டாரின் மின்செலவைச் சங்கம் ஏற்க வேண்டியிருக்கும், அதற்குச் சந்தா வந்தாக வேண்டும்.

இவ்வாண்டுக்கான கரிமீன், மானத்துக்கண்ணிக் குஞ்சுகள் வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் எட்டு மணி வரை வழங்கப்படும். வெயில் ஏறிய பின் வருபவர்களுக்கு மீனின் நலன் கருதி வழங்க இயலாது. மூடியுள்ள வாளியும், 2024–25ஆம் ஆண்டின் சந்தா ரசீதும் கொண்டுவரவும். ரசீது இல்லாதவர்கள் அங்கேயே செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் ஐந்தரை மணிக்கே வந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்