அலமாரியில் காய்ந்துபோன பர்கர்: அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக அறிவியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருடைய ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு பழைய பர்கர் இருக்கும். வாங்கி மாதக்கணக்கில் ஆகியிருக்கும், சிலரிடம் வருடக்கணக்கில்கூட. பன் சுருங்கியிருக்கும், நடுவில் உள்ள இறைச்சி வில்லை கறுத்து விறைத்திருக்கும், ஆனால் பெயருக்குக்கூட ஒரு புள்ளி பூஞ்சை இருக்காது. பக்கத்தில் நாலைந்து ஃபிரெஞ்ச் ஃபிரைஸ், நேற்று வாங்கியது போலவே. வருடம் ஒருமுறை அதை எடுத்துக் காட்டி, "பூஞ்சையே தொடாத பொருளை நீங்கள் சாப்பிடலாமா?" என்று கேட்போம். வகுப்பு முகம் சுளிக்கும். பாடம் முடிந்தது.

நானும் பல வருடங்கள் அதைத்தான் செய்தேன். அந்தப் பாடம் தவறு என்று இப்போது எனக்குத் தெரியும். அதை நடத்திக்கொண்டிருக்கும் உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஒரு நாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், இதையே தண்ணி தெளிச்சு மூடி வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்னிடம் பதில் இல்லை. சரி, செய்து பார்த்துவிடுவோம் என்றேன். கடையில் இரண்டு பர்கர் வாங்கினோம். அதே அளவில், அதே தடிமனில், வெறும் இறைச்சியும் உப்பும் வைத்து வீட்டிலேயே இரண்டு செய்துகொண்டு வந்தேன். இரண்டு வகையிலும் ஒன்றைத் திறந்த தட்டில் வைத்தோம்; இன்னொன்றை ஈரப் பஞ்சோடு மூடிய டப்பாவுக்குள் வைத்தோம்.

திறந்த தட்டில் இருந்த இரண்டும் காய்ந்து மரக்கட்டை ஆயின. கடையில் வாங்கியது எது, வீட்டில் செய்தது எது என்று ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. மூடிய டப்பாக்கள் இரண்டிலும் பூஞ்சை படர்ந்தது. வீட்டுப் பர்கரில் ஓரிரு நாள் முந்தி, கடைப் பர்கரில் ஓரிரு நாள் பிந்தி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மாலை எனக்கு நினைவுக்கு வந்தவர் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி. 1668இல் அவர் இறைச்சியைச் சில புட்டிகளில் திறந்து வைத்தார், சிலவற்றைத் துணியால் மூடினார். ஈ உட்கார முடிந்த இறைச்சியில் மட்டும் புழு வந்தது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும் என்பதற்கு அவரைத்தானே நாம் எல்லோரும் உதாரணம் காட்டுகிறோம்? அதே வகுப்பில், ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லாமல் ஒற்றைப் பர்கரை வைத்து முடிவு சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு உறுத்தியது பர்கரைப் பற்றிய தவறைவிட இதுதான்.

காரணம் என்ன என்றால், தண்ணீர். ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நுண்ணுயிருக்குக் கைக்கு எட்டுகிறது என்பதுதான் கணக்கு. உப்பும் சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட தண்ணீர் பூஞ்சைக்குப் பயன்படாது. இதை நீர்ச் செயல்பாடு என்று 0 முதல் 1 வரை அளக்கிறார்கள். சுத்தமான தண்ணீர் 1. பச்சை இறைச்சி 0.98, 0.99 என்று இருக்கும். பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளர்வதில்லை. பெரும்பாலான பூஞ்சைகள் 0.80 வாக்கில் நின்றுவிடும். 0.60க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது. தேன் கெடாமல் இருப்பதற்கும், உலர்ந்த தானியம் வருடம் தாண்டுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். உணவு கெடுவதை இந்த அளவோடு பொருத்திக் காட்டியவர் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட், 1950களில்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. திறந்து வைத்த உணவு, சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக் கடைசியில் அந்தக் காற்றுக்குச் சமமாக வந்து நிற்கும். அறைக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், பர்கரின் நீர்ச் செயல்பாடு மெல்ல மெல்ல 0.50ஐ நோக்கி இறங்கும். அங்கே பூஞ்சைக்கு வாழ்வில்லை. ஏசி ஓடும் அறையில் வைத்தவருக்குக் 'கெடாத பர்கர்' கிடைக்கும்; ஈரக் காற்று வீசும் அறையில் வைத்தவருக்கு அதே கடையின் அதே பர்கர் பூஞ்சை பூத்துவிடும். நாம் காட்டிக்கொண்டிருந்தது நம் அறையின் ஈரப்பதத்தை.

இது உண்மையில் ஒரு ஓட்டப்பந்தயம். ஒரு பக்கம் உலர்தல்; மறு பக்கம் காற்றில் மிதந்துவந்து விழும் பூஞ்சை வித்துகள் முளைத்தல். சிறிய பர்கரில் வைக்கும் இறைச்சி வில்லை சமைப்பதற்கு முன்பே சுமார் 45 கிராம்தான். மெல்லியது, அகலமானது, எடைக்குப் பரப்பு மிக அதிகம். சூடான கல்லில் வேகும்போதே அதிலிருந்த பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும், தண்ணீரில் ஒரு பங்கும் ஆவியாகிவிடும். மேலே உப்பு வேறு. பன்னின் உட்பக்கத்தையும் சுட்டுத்தான் வைக்கிறார்கள். ஃபிரைஸ் கதை இன்னும் எளிது: மெலிதாக நறுக்கிய கிழங்கை எண்ணெயில் போட்டதும் கொப்பளிப்பதெல்லாம் அதிலிருந்து ஓடும் தண்ணீர்தான். இப்படி வந்த பொருளைத் திறந்த தட்டில் வைத்தால் உலர்தல்தான் ஜெயிக்கும்.

2010இல் சமையல் எழுத்தாளர் ஜே. கென்ஜி லோபஸ்-ஆல்ட் இதை நம்மைவிட ஒழுங்காகச் செய்து காட்டினார். மெக்டொனால்ட்ஸ் பர்கரையும், அதே அளவில் தானே அரைத்துச் செய்த பர்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் கெடவில்லை, இரண்டும் காய்ந்தன. பெரிய, தடித்த பர்கர்களில் நடுப்பகுதியில் பூஞ்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஈரம் வெளியேற நேரம் பிடித்ததல்லவா? பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைத்தது பூஞ்சை பிடித்தது. என் மாணவி கேட்ட கேள்விக்கு எத்தனையோ வருடம் முன்பே பதில் இருந்திருக்கிறது. நான்தான் தேடவில்லை.

ஐஸ்லாந்துப் பர்கரைப் பற்றி உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2009 அக்டோபர் கடைசியில் மெக்டொனால்ட்ஸ் அந்த நாட்டில் தன் கடைகளை மூடியபோது ஒருவர் வாங்கி வைத்த பர்கரும் ஃபிரைஸும் பத்து வருடம் கழித்தும் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படியே இருந்தன. அதைப் பார்க்கும் எல்லோரும் "என்ன ரசாயனம் போட்டிருப்பார்களோ" என்றுதான் கேட்கிறார்கள். காய்ந்த ரொட்டித் துண்டு பத்து வருடம் இருந்தால் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

எதிர்ப்பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில் பர்கர் கிங் நிறுவனம் தன்னுடைய வாப்பர் பர்கர் 34 நாளில் பச்சையும் நீலமுமாகப் பூஞ்சை பூப்பதைப் படம் பிடித்து விளம்பரமாகவே வெளியிட்டது. செயற்கைப் பதனப்பொருள் சேர்க்கவில்லை, அதனால்தான் பூஞ்சை வருகிறது என்பது அவர்கள் சொன்னது. அதில் தக்காளி இருக்கிறது, லெட்டூஸ் இலை இருக்கிறது, வெங்காயமும் மயோனைஸும் இருக்கின்றன. இத்தனை ஈரத்தை வைத்துக்கொண்டு, அழுகியதற்கான பெருமை முழுவதையும் பதனப்பொருள் இல்லாமைக்குக் கொடுப்பது சரியான அறிவியல் என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் அந்த விளம்பரத்தைக் காட்டுவதாக இருந்தால், இதையும் கேளுங்கள்.

பதனப்பொருளே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. பன்னில் கால்சியம் புரொப்பியோனேட் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அது பூஞ்சையைத் தள்ளிப்போடும். பாலாடைக்கட்டியில் சார்பிக் அமிலம் சேர்ப்பதும் அதற்காகத்தான். 2018இல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் தன்னுடைய ஏழு பர்கர்களில் இவற்றை நீக்கியதாக அறிவித்தது. ஊறுகாயாகப் போடும் வெள்ளரியில் மட்டும் மிச்சம் இருப்பதாகவும் சொன்னது. எங்கள் மூடிய டப்பாவில் கடைப் பர்கர் ஓரிரு நாள் பிந்தியதற்கு இப்படி ஏதாவது காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் பூஞ்சையைத் தள்ளிப்போடுவதும் நல்லதற்குத்தான் என்பதை மறந்துவிடுகிறோம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் இருந்த நிலக்கடலையில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற அந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். பூஞ்சை பிடிப்பது 'இயற்கை', ஆகவே நல்லது என்ற எண்ணத்தைக் குழந்தைகள் மனதில் நாம் ஊன்றவே கூடாது.

"வெளியிலேயே மக்காதது வயிற்றில் எப்படிச் செரிக்கும்?" என்று ஒரு கேள்வி வரும். நானே கேட்டிருக்கிறேன். செரிப்பது வேறு, அழுகுவது வேறு. அழுகுவது நுண்ணுயிரின் வேலை. செரிமானம் பெரும்பாலும் நம் உடலே சுரக்கும் அமிலமும் நொதியும் செய்வது. அதுவும் தண்ணீரில் ஊறவைத்து. 1825இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பியூமான்ட், வயிற்றில் குண்டடிபட்டு அந்தத் துளை மூடாமலே பிழைத்திருந்த ஒருவரிடமிருந்து இரைப்பைச் சாற்றை எடுத்து, ஒரு சிறு புட்டியில் ஊற்றி, உப்பிட்டு வேகவைத்த மாட்டிறைச்சித் துண்டை அதில் போட்டு, உடல் சூட்டில் வைத்தார். சில மணி நேரத்தில் இறைச்சி கரைந்துபோயிற்று. உப்புப் போட்ட இறைச்சி! அலமாரியில் காய்ந்து கிடக்கும் பர்கரையும் இரைப்பைச் சாறு கரைத்துவிடும். (யாரும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். காய்ந்த கொழுப்பு காற்றுபட்டுச் சிக்குப் பிடித்திருக்கும்.)

இந்த மடலை எழுத எனக்கிருக்கும் பெரிய காரணத்துக்கு இப்போது வருகிறேன். 'கெடாதது கெட்டது' என்று சொல்லிக் கொடுத்தால், குழந்தை அதைத் திருப்பிப் போட்டும் புரிந்துகொள்ளும்: கெட்டது என்றால் கண்ணுக்குத் தெரியும். என் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாள் வரவில்லை. நாள் முழுக்க மேசையில் கிடந்த சமைத்த இறைச்சியைச் சூடாக்கிச் சாப்பிட்டிருக்கிறான், வாந்தி, வயிற்றுப்போக்கு. "பூஞ்சை இல்லை டீச்சர், வாசனையும் வரல, அதான் சாப்பிட்டேன்" என்றான். என் வாயிலிருந்து போன பாடம்தான் அது. அன்றைக்கு எனக்கு வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை.

உணவை ஊசிப்போக வைக்கும் நுண்ணுயிர்களும், நோய் தரும் நுண்ணுயிர்களும் பல நேரங்களில் வேறு வேறு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, நீர்ச் செயல்பாடு 0.86 வரை இறங்கினாலும் வளரக்கூடியது. அது விட்டுச்செல்லும் நஞ்சு நிறம் மாற்றாது, நாற்றம் தராது, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் காய்ந்தால் ஒரு மணி நேரம்தான். நம் மாணவர்களுக்கு வாழ்நாள் முழுக்க உதவப்போவது இந்தக் கணக்கு. பத்து வருடப் பர்கரைப் பார்த்து அருவருப்பதால் ஒரு பிள்ளையும் பிழைக்கப்போவதில்லை.

துரித உணவைக் குறைக்கச் சொல்ல வேண்டாமா? தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். அதற்கு நேரடியான காரணங்களே போதும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வேளை பர்கரும் ஃபிரைஸும் அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹாலும் குழுவும் 20 பேரை இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவிலும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவிலும் வைத்துப் பார்த்தார்கள். முதல் வகையில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள்.

அந்தப் பழைய பர்கரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குத் துணை சேருங்கள். வீட்டில் செய்தது ஒன்று, தடித்தது ஒன்று, மூடி வைத்தது ஒன்று. எல்லாவற்றையும் தினமும் தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். எடை இறங்குவதை வரைபடமாகப் போட்டாலே பாதிப் பாடம் தானாக வந்துவிடும். அறையின் ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூஞ்சை வந்த டப்பாவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்க விடாதீர்கள், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். மூடியபடியே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

என் வகுப்பில் இந்த வருடச் சோதனை திங்கட்கிழமை தொடங்குகிறது. எது முதலில் பூஞ்சை பிடிக்கும், ஏன் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் செய்தால், என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். குறிப்பாக, ஈரக் காற்று உள்ள ஊர்க்காரர்கள்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை