எங்கள் வீட்டில் யூனிட் 12 ரூபாய்: தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 ஜூலையில் மின்கட்டணம் 3.16 சதவீதம் ஏறியபோது, வீடுகளுக்கு மட்டும் உயர்வு இல்லை என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு எங்கள் மாடிப்படி ஏறி வரவில்லை. "கரன்ட் ஏறிடுச்சுல்ல, இனிமே யூனிட் பன்னெண்டு ரூபா" என்று ஓனர் அம்மா கீழே நின்றபடியே சொல்லிவிட்டார். அதற்கு முன்பு பத்து. நாங்கள் குடிவந்தபோது எட்டு. பேப்பரில் வந்த செய்தியை எடுத்துக் காட்டினேன். "அது ஈ.பி. ரேட்டு. இது நம்ம வீட்டு ரேட்டு" என்றார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாடகைக்கு இருப்பவரிடம் கரன்ட்டுக்கென்று வாங்கும் பணம், அந்த இணைப்புக்கு வந்த பில்லில் அவர் பங்கைத் தாண்டக் கூடாது. இதை உத்தரவாகப் போடுங்கள்.

அம்பத்தூர் பக்கம் எங்கள் வீடு. நாலு போர்ஷன், ஒரே சர்வீஸ். ஒரு போர்ஷனில் ஓனர், மற்ற மூன்றில் நாங்கள். எங்கள் சப் மீட்டர்கள் கம்பிக்கதவுக்குப் பின்னால், பூட்டுக்குள் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு தொகை எழுதி வரும். ஈ.பி. பில்லை நாங்கள் பார்த்ததில்லை.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் போட்டுக் காட்டுகிறேன். பிறகு ஏறியதை விட்டுவிட்டு 2022 செப்டம்பர் கட்டணப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் போர்ஷனுக்கு 200 யூனிட் என்றால் மொத்தம் 800. முதல் நூறு இலவசம் போக, அடுத்த 300 யூனிட் நாலரை ரூபாய், அடுத்த நூறு ஆறு ரூபாய், அடுத்த நூறு எட்டு, கடைசி 200 ஒன்பது. பில் 4,550 ரூபாய். மேலே இருக்கும் மூன்று வீடும் யூனிட் 12 ரூபாய் வீதம் தருவது 7,200. ஓனர் வீட்டு மின்விசிறி, மிக்சி, மோட்டார் எல்லாம் ஓசியில் ஓடியதோடு 2,650 ரூபாய் மிச்சம். உரிமம் இல்லாமல் மின்சாரத்தை வாங்கி விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். எங்கள் ஓனர் அம்மாவுக்கு எப்போது உரிமம் கொடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அவரை மட்டும் திட்டியும் பயனில்லை. நாலு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் அதே பட்டியலில் வீட்டுக்கு 225 ரூபாய் (500 யூனிட்டைத் தாண்டாதவர்களுக்கு இரண்டாவது நூறு பாதி விலை), நாலுக்கும் சேர்த்து 900தான். ஒரே மீட்டரில் ஓடுவதால்தான் கட்டணம் மேல் அடுக்குக்குப் போய் 4,550 ஆகிறது. நியாயமாகப் பங்கு பிரிக்கும் ஓனரிடம் குடியிருப்பவரும் இந்தத் தண்டத்தைக் கட்டத்தான் வேண்டும். 2016இல் வந்த நூறு யூனிட் இலவசம், வாடகைக்கு இருப்பவனுக்கு இன்றுவரை செய்தித்தாளில் படிக்கிற சங்கதி.

என் மாமியாருக்குச் சர்க்கரை. தினம் இன்சுலின் போட வேண்டும். பன்னிரண்டு ரூபாய் என்று ஆனதும் என் மனைவி ராத்திரியில் ஃபிரிட்ஜை நிறுத்த ஆரம்பித்தாள். "ராத்திரி பூரா எதுக்கு அது ஓடணும்?" என்று கீழிருந்து கேள்வியும் வந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, பிரிக்காத மருந்து ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும் என்றார். மாமியார் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து மளிகைக்கடையில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஓர் ஓரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார். உறைந்துபோனால் அந்த மருந்து வீண் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு மாத மருந்தைக் கொட்டினோம். இப்போது ஃபிரிட்ஜ் ஓடுகிறது. அதற்குப் பதிலாக மாமியார் தன் அறை ஃபேனை நிறுத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை.

வாடகை நீதிமன்றத்துக்குப் போ என்பீர்கள். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இருக்கிறது, கரன்ட்டையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. யாரும் நிறுத்தவில்லையே, விலைதானே வைக்கிறார்கள்! வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம். ஜெயித்தவனுக்கு அந்தத் தெருவில் அடுத்த வீடு யார் தருவார்?

இதோடு மாடிப்படி விளக்குக்குத் தனிக் காசு, மோட்டாருக்குத் தனிக் காசு, கோடையில் லாரித் தண்ணீருக்குத் தலைக்கு இவ்வளவு, செப்டிக் டேங்க் லாரி வந்தால் அதிலும் பங்கு. வீட்டுக்கு வெள்ளையடித்தால் மட்டும் அது ஓனர் செலவு, ஏனென்றால் அடிப்பதே இல்லை. 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோது இணையப் பக்கத்தில் வாடகைதாரர் என்று தனித் தெரிவே இருந்தது. எங்கள் எண் வேண்டுமென்றால் நாங்கள் கண்ணுக்குத் தெரிகிறோம். அது வாரியத்தின் வேலை, ஆணையத்தின் வேலை அல்ல என்பீர்கள். சரி, மன்னிக்க வேண்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

செய்ய முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. டெல்லியில் 2019இல் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி, மூவாயிரம் ரூபாய் வைப்புத்தொகை கட்டி, குடியிருப்பவரே தன் பேரில் முன்கட்டண மீட்டர் வாங்க வழி செய்தார்கள். கர்நாடகத்தில் 2023இல் வந்த இலவச மின்சாரத் திட்டத்தில் வாடகைதாரரையும் சேர்த்தார்கள். இங்கே தனி இணைப்பு வேண்டுமென்றால் வழக்கமாக ஓனர் கையெழுத்தைத்தான் கேட்கிறார்கள். உன் பேரில் மீட்டர் வந்தால் நாளைக்கு வீட்டையே உன்னது என்பாய் என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தைப் போக்க, மீட்டர் பேர் சொத்துரிமைக்குச் சான்றாகாது என்று ரசீதிலேயே அச்சடித்துக் கொடுக்கலாம்.

அதற்கு நாளாகும், தெரியும். அதுவரை, அடுத்த கட்டண உத்தரவில் இதையாவது சேர்த்துத் தாருங்கள்: பில்லைக் காட்டித்தான் பணம் வாங்க வேண்டும், பில்லில் உள்ள பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த உத்தரவின் நகலைத் தமிழில், பெரிய எழுத்தில் வெளியிட்டால் உதவியாக இருக்கும். கம்பிக்கதவில் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேல் போர்ஷனில் குடியிருப்பவன்,
அம்பத்தூர்