மாதிரிக் கப்பல் கட்டுவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நமது சங்கம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் இப்பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் 17 பேராக இருந்த நாம் இப்போது 19 பேராக இருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறன்று நாகர்கோவிலில் கூடினோம். அடைமழையால் ஒரு கூட்டம் மட்டும் நடக்கவில்லை. கூட்ட நடவடிக்கைகள் பதிவேட்டில் இருப்பதால் அவற்றை இங்கே திரும்பப் படிக்கவில்லை.

வணிகக் கப்பலில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர், மூன்றாண்டுகளாகக் கட்டிவந்த 'டிரிங்கோமலி' போர்க்கப்பலை இவ்வாண்டு முடித்தார். 1817-இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் பாதுகாக்கப்பட்டுவரும் அக்கப்பலின் பீரங்கித் தட்டு ஏறத்தாழ 150 அடி நீளம் கொண்டது. 1:200 விகிதத்தில் அது 23 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. பாய் கட்டும் குறுக்கு மரங்களான மேல் பருமல்கள் அந்த அளவில் ஊசியைவிட மெல்லியவை என்பதால், வடசேரியில் கோயில் நகை செய்யும் பொற்கொல்லர் ஒருவரிடம் கம்பியச்சை இரவல் வாங்கி, பொன் கம்பியை இழுப்பதுபோல் மூங்கில் சிம்பை ஒவ்வொரு துளையாக இழுத்து அவர் மெலிதாக்கினார். ஒன்று சரியாக வருவதற்குள் நான்கு முறிந்தன என்று அவரே சொன்னார்.

அந்தக் கப்பலைப் பற்றி அவர் கூட்டத்தில் சொன்ன ஒரு செய்திதான் இவ்வாண்டின் முதன்மையான பணிக்கு வித்திட்டது. இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு அதன் வரைபடங்களை ஏற்றி வந்த 'ஜாவா' என்ற கப்பல் 1812-இல் பிரேசில் கரையோரம் அமெரிக்கக் கப்பலிடம் தோற்று அழிந்தது. எனவே மறுபடியும் ஒரு படி வரைந்து அனுப்பினார்கள். ஒரு முறை தொலைந்தும் இன்றைக்கு நம் கைக்குக் கிடைக்கும் அளவுக்கு அந்தக் கப்பலுக்கு வரைபடம் இருக்கிறது. நம் கரையில் மட்கிக் கிடக்கும் வள்ளத்துக்கு ஒரு தாளாவது இருக்கிறதா என்று தச்சு வேலை செய்யும் உறுப்பினர் கேட்டபோது, ஒருவரிடமும் பதில் இல்லை. 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் வந்த டச்சுக் கப்பல் ஒன்றைக் கட்டலாம் என்று முன்னரே ஒரு யோசனை இருந்தது. குறிப்பிட்ட கப்பலின் அளவுகள் நம்மிடம் இல்லாமல் ஏதோ ஒரு டச்சுக் கப்பலைக் கட்டி அதற்கு குளச்சல் என்று பெயரிடுவது முறையாகாது என்பதால், அதைக் கைவிட்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்த வள்ளம் ஒன்றை அளந்து 1:40 விகிதத்தில் கட்டுவதென்று மே மாதக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். பெட்டியில் வரும் உதிரிகளை ஒட்டுவது நம் விதிப்படி கட்டுவதாகாது; ஆனால் வரைபடத்தையும் நாமே உண்டாக்க வேண்டிய வேலை நமக்கு இதுவே முதல் முறை.

தேங்காய்ப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், ஓலைச் சாய்ப்பின் கீழ், முன்பு கரமடிக்கு (கரையிலிருந்து இழுக்கும் வலைக்கு) போய்வந்த அயினிப் பலகை வள்ளம் ஒன்று பல ஆண்டுகளாகக் கிடந்தது. உரிமையாளரின் அனுமதியுடன் மே மாதத்தின் கடைசி இரண்டு ஞாயிறுகளில் ஆறு பேர் சென்று அளந்தோம். மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த வள்ளத்தைத் தென்னந்தடி கொடுத்து நிமிர்த்தி, கொத்தனாராகப் பணிபுரியும் உறுப்பினர் கட்டட வேலைக்குக் கொண்டுபோகும் தண்ணீர் டியூப்பால் மட்டம் பார்த்து, முன்முனையான அணியத்திலிருந்து பின்தலை வரை நடுவே நூல் கட்டி, 60 சென்டிமீட்டருக்கு ஓர் இடமாக 15 இடங்களில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலிலிருந்து பலகை வரை உள்ள தூரத்தைக் குறித்தோம். நீளம் 8.4 மீட்டர், அகலம், மிகுந்த இடத்தில், 1.6 மீட்டர். இடப்பக்கமும் வலப்பக்கமும் சில இடங்களில் 3 சென்டிமீட்டர் வரை வேறுபட்டன. வெயிலிலும் மழையிலும் முறுக்கிக்கொண்டதா, கட்டும்போதே அப்படியா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. அருகில் நின்ற பெரியவர், அந்த வள்ளத்தில் துழாவு (துடுப்பு) போட்டவர், "அது பிறந்ததுல இருந்தே அப்படித்தான் மக்களே, கண்ணளவுல கட்டினது" என்றார். ஆகவே இரு பக்கத்தையும் சராசரியாக்காமல் தனித்தனியாகவே வரைபடத்தில் இட்டோம். மாதிரியில் அந்த வேறுபாடு முக்கால் மில்லிமீட்டர்தான் வரும் என்றாலும், திருத்தி எழுதினால் பிறகு எது உண்மை என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

கட்டுமுறையில் ஒரு சிக்கல் இருந்தது. நாம் வழக்கமாக முதலில் அடிமரமான ஏராவையும் குறுக்குத் தடுப்புகளையும் நிறுத்தி, அவற்றின் மேல் பலகை பதிப்போம். தைத்த வள்ளத்திலோ பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கயிற்றால் தைத்து வெளிக்கூட்டை உருவாக்கிய பிறகே உள்ளே விலா எலும்புபோன்ற வங்குகளும் குறுக்குக் கட்டைகளும் வரும். முறையை மாற்றிக் கட்டினால் வெளித்தோற்றம் ஒத்துப்போகும், உள்ளே பார்த்தால் பொய்யாக இருக்கும். ஆகவே முருக்கு மரத்தில் திண்மையான அச்சு ஒன்று செதுக்கி, அதன்மேல் மெல்லிய பாலித்தீன் சுற்றி, பலகைகளை அதன்மேல் வளைத்துப் பொருத்தி, இறுகியதும் கூட்டை மட்டும் கழற்றி எடுத்துத் தைப்பதென்று முடிவாயிற்று.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். அச்சைச் செதுக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். கடற்கரையில் நாம் எடுத்த அளவுகள் அனைத்தும் பலகையின் வெளிப்புறத்துக்கு உரியவை. அச்சோ பலகையின் உட்புறத்துக்கு உரியது. பலகையின் கனத்தைக் கழிக்காமல் வெளியளவுக்கே அச்சைச் செதுக்கிவிட்டேன். 1 மில்லிமீட்டர் பலகையை இருபுறமும் பதித்தபோது 40 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய அகலம் 42 ஆயிற்று. உண்மை வள்ளத்தில் இது 8 சென்டிமீட்டர். எங்களில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகஸ்டில் கூட்டை எடுத்துக்கொண்டு போய் அதே பெரியவரிடம் காட்டினோம். அவர் அதை உள்ளங்கையில் வைத்து, அணியத்தைத் தன் பக்கமாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "நம்ம வள்ளந்தான். ஆனா வயிறு ஊதியிருக்கே" என்றார். அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது. மூன்று மாத வேலை வீணானதற்கு இப்பொதுக்குழுவிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். இரண்டாம் அச்சைத் தச்சர் உறுப்பினர் செதுக்கினார்.

மரத்தைப் பற்றிச் சில சொற்கள். அயினி வள்ளத்துக்கு அயினியே பொருத்தம் என்று நினைத்து முதலில் அதையே அறுத்தோம். ஆனால் அதன் இழைத்துளைகள் 1:40-இல் வாய்க்கால்போல் தெரிந்தன. மர அறுவை மில்லில் கழிவாகக் கிடைத்த மஞ்சக்கடம்பு இழை நெருக்கமானது. சாயம் ஏற்றினால் அயினியின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து, சூடான சால்டரிங் அயர்னில் உருட்டி வளைத்தோம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் ஃபெவிகால் காய ஒரு நாளுக்கு மேல் எடுத்தது. அவசரப்பட்டு நொடியில் ஒட்டும் பசையைப் பயன்படுத்தியவர்களின் பலகைகளில் ஈரக்காற்றால் வெண்மை பூத்து, சாயம் அந்த இடங்களில் ஏறவே இல்லை. மழைக்காலத்தில் அப்பசையை இணைப்பின் வெளிப்பக்கம் தொட வேண்டாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை.

தையல் வேலையைத் தையல் கடை நடத்தும் நம் சகோதரி உறுப்பினர் ஏற்றுக்கொண்டார். வள்ளத்தில் துளைகள் நான்கு விரல் இடைவெளியில் இருந்தன. மாதிரியில் அது 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 21 சென்டிமீட்டர் இணைப்பு ஒன்றுக்கே நூற்றுக்கும் மேற்பட்ட தையல்கள். 0.3 மில்லிமீட்டர் துளையூசியைக் கைப்பிடியில் பொருத்தி, கையாலேயே சுழற்றித் துளையிட்டார். பருத்தி நூலில் பிசிறு எழுந்ததால், பாலியெஸ்டர் நூலின் புரியைப் பிரித்து ஓர் இழையை மட்டும் எடுத்து, தேயிலைச் சாற்றின் நிறத்துக்குச் சாயமிட்டு, மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போரிடம் வாங்கிய தேன்மெழுகில் இழுத்துத் தைத்தார். இணைப்பின் மேல் வைக்கும் சகிரிப் (நார்ப்) பட்டைக்கு உண்மையான தேங்காய்ச் சகிரியைத்தான் முயன்றோம்; அது வைக்கோற்போர்போல் துருத்திக்கொண்டு நின்றதால், அதே நூலை நறுக்கிப் பசையில் தோய்த்து வைத்தார். பொருள் அதே பொருளாக இருக்க வேண்டும் என்று வாதிட்ட சில உறுப்பினர்களுக்கு இது ஒப்பவில்லை. சிறிய அளவில் கண்ணுக்குப் பொருந்துவதே பொருத்தம் என்பது என் கருத்து; ஆயினும் மாற்றுக் கருத்தும் பதிவேட்டில் உள்ளது.

வள்ளம் பிப்ரவரியில் முடிந்தது. நாம் அளந்த வள்ளம் அதற்கு முன்பே, ஜனவரியில், பலகைக்காகப் பிரிக்கப்பட்டுவிட்டது. தையலோடு கூடிய ஒரு முழ நீளத் துண்டை உரிமையாளர் சங்கத்துக்குக் கொடுத்தார். அவருக்கு நன்றி தெரிவித்து மார்ச் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.

வரவு செலவு: சென்ற ஆண்டு இருப்பு 1,200 ரூபாய்; சந்தா வரவு 8,000 ரூபாய்; செலவு 6,350 ரூபாய்; கையிருப்பு 2,850 ரூபாய். மூவரின் சந்தா நிலுவையில் உள்ளது. செலவில் பெரும்பகுதி முறிந்த துளையூசிகளுக்கே போயிற்று.

வரைபடத்தின் மூன்று படிகள் எடுக்கப்பட்டு, தலைவர், பொருளாளர், செயலாளர் ஆகியோரிடம் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. வயிறு ஊதிய முதல் அச்சை அடுப்பில் இட வேண்டாம் என்று உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால், புதிதாகச் சேர்வோருக்குக் காட்டுவதற்காக அதுவும் அலமாரியில் இருக்கிறது. இரண்டாவதாக அளப்பதற்கு முட்டத்துக்கு அருகில் ஒரு வள்ளம் இருப்பதாகத் தகவல் வந்துள்ளது. மழை தொடங்குமுன் அளக்க வேண்டியிருப்பதால், வர விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்குமாறும், தண்ணீர் டியூப் வைத்திருப்போர் அதைக் கொண்டுவருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்