ஏரியும் கடலும் ஒரே தண்ணீர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை முன்னிட்டுத் தாங்கள் வெளியிட்ட மலைச் சுற்றுலாச் சிறப்புப் பக்கத்தை ஆர்வத்துடன் படித்தேன். தங்கும் இடங்கள், மலைப்பூண்டு வாங்கும் கடைகள், கொடைக்கானலை அடுத்த மன்னவனூர் ஏரியில் பரிசல் சவாரி என எல்லாம் இருந்தன. அந்த ஏரித் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது அந்த வரியே என்பதைச் சென்ற ஆண்டு அனுபவத்தில் உணர்ந்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம், விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. வலை பொத்துவது, படகுக்கு வர்ணம் அடிப்பது, இன்ஜின் வேலை பார்ப்பது போக மிஞ்சும் நாட்களில் நண்பர்கள் கூடி வேன் பிடித்து மலைக்குக் கிளம்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. நான் தங்கச்சிமடத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என்னுடன் வந்த நால்வரும் பள்ளித் தோழர்கள். மூவர் விசைப்படகுத் தொழிலாளர்கள், ஒருவர் இன்ஜின் மெக்கானிக். இ-பாஸ் எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 280 கிலோமீட்டர் பயணம் செய்து கொடைக்கானல் சேர்ந்தோம். மறுநாள் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிப் பாதையில் நடந்தோம். அவ்வூரில் யாரும் செருப்பு அணிவதில்லை என்பது எங்கள் படகுத் தோழர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. திரும்ப ஏறும்போது அந்த மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் இல்லை. அலையில் ஆடும் பலகைமேல் நாள் முழுதும் நிற்கும் கால்களுக்கும் மலையேற்றம் வேறு வேலை என்று தெரிந்தது. தண்ணீரும் அப்படியே வேறாக இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் நகரத்திலிருந்து தள்ளி, ஒரு சிறிய நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்த தனியார் கூடார முகாமில் தங்கினோம். கரையில் ஒரு பரிசலும் இரண்டு துடுப்புகளும் கிடந்தன. கொட்டகை ஆணியில் மூன்று மிதவைச் சட்டைகள் தொங்கின. அவற்றில் ஒன்றுக்கு இழுத்துக் கட்டும் பட்டையே இல்லை. ஆழம் எவ்வளவு என்று கேட்டதற்கு, "ஆள் உயரம் இருக்கும் சார்" என்றார் அங்கிருந்த பணியாளர். யாருடைய உயரம் என்று நாங்களும் கேட்கவில்லை. பாம்பன் பாலத்தடியில் நீவாட்டை, அதாவது நீரோட்டத்தை, எதிர்த்து நீந்திப் பழகிய எங்கள் நண்பர், இந்தக் குட்டைக்கு இத்தனை விசாரணையா என்று சிரித்தபடி குதித்தார். மேலே வந்ததும் மூச்சு வாங்கியது. குளிர் என்று கத்திவிட்டு நடுவே நீந்திப் போனார். பாதித் தொலைவில் அவருடைய கால்கள் தாழ்ந்து, உடம்பு நட்டுக்குத்தலாக நிற்பதைப் பார்த்தோம். அவர் கையசைக்கவும் இல்லை, உதவி என்று கூப்பிடவும் இல்லை. எதைச் சொன்னாலும் பதிலுக்குப் பதில் பேசும் ஆள் இரண்டு முறை அழைத்தும் பேசாமல் இருந்ததால்தான் மெக்கானிக் நண்பருக்குச் சந்தேகம் வந்தது. வேன் கேரியரில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன் ஒன்றைப் படகில் மிதவை கட்டும் முடிச்சாகவே கட்டி வீசினார். முதல் வீச்சு எட்டவில்லை, இரண்டாவதில் பிடித்துக்கொண்டார். இழுத்துக் கரையேற்றியபோது அவருடைய வலது கணுக்காலில் நீர்ப்பாசி முறுக்கிக் கிடந்தது. இதுவரை இங்கே யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று பணியாளர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீச்சல் தெரிந்தவர் ஏன் தாழ்ந்தார் என்பதற்கு விடை எளியது. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம் எடையுள்ளது. நன்னீர் 1,000 கிராம். ஆகவே 70 லிட்டர் இடத்தை அடைக்கும் உடம்பைக் கடல் தாங்குவதைவிட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கிலோ குறைவாகவே ஏரி தாங்குகிறது. தண்ணீரில் முட்டையை மூழ்கவிட்டு, உப்பைக் கரைத்து மிதக்க வைப்பதைப் பள்ளியில் பார்த்த நாங்கள், அது எங்கள் உடம்புக்கும் பொருந்தும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. சதைப்பிடிப்பில்லாத உழைப்பாளி உடம்பு உப்புநீரில் சும்மா கிடந்தாலே மிதக்கும். நன்னீரில் அதுவே தாழும். இத்துடன் குளிர் சேர்ந்துகொள்கிறது. குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தவர் தம்மை மீறி வாய் திறந்து மூச்சை இழுக்கிறார். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீரே. அந்தப் படபடப்பு ஓரிரு நிமிடங்களில் அடங்கினாலும், பிறகு கைகால்கள் மெல்ல மெல்லச் சோர்கின்றன. வெயில் பட்ட மேல்நீர் இதமாக இருப்பதைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கீழும் அப்படியே இருக்கும் என்று நம்புவதும் தவறு.

இடர் நீந்துகிறவருக்கு மட்டும் உரியதன்று. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். மலைப்பாதையைப் பொறுத்தவரை, 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ பலரைப் பலிகொண்ட பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024இல் வனத்துறை 40 பாதைகளை இணையவழிப் பதிவுடனும் வழிகாட்டிகளுடனும் திறந்தது. பாதைக்குக் கிடைத்த அந்த ஒழுங்கு, பாதை முடியும் இடத்தில் இருக்கும் நீர்நிலைக்கும் கிடைக்க வேண்டும். கொடைக்கானல் நகர ஏரியில் படகேறும் முன் எங்களுக்கு மிதவைச் சட்டை கொடுத்தே ஏற்றினார்கள். கூடார முகாம்களுக்கும் அதையே கட்டாயமாக்கி, வருவோர் எண்ணிக்கைக்குக் குறையாத சட்டைகளும், மிதவையுடன் கூடிய எறிகயிறு ஒன்றும் கரையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அனுமதி வழங்கலாம். அறிவிப்புப் பலகையில் "குளிக்கக் கூடாது" என்று மட்டும் எழுதினால் கடற்கரைக்காரன் கேட்கமாட்டான். ஆழம், குளிர், பாசி என்று காரணத்தையும் எழுதினால் நின்று படிப்பான்.

மலையிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கும் இதே நிலை உண்டு என்பதை மறுக்கவில்லை. பாக் நீரிணை குளம்போல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, தனுஷ்கோடி அரிச்சல்முனையிலும் அதே நினைப்பில் இறங்கப் பார்க்கிறார்கள். ஆனால் அமைதியான ஒரு பக்கம் பெண்கடல், சீறும் மறுபக்கம் ஆண்கடல் என்று பெயரிலேயே குணத்தைச் சொல்லி எச்சரிக்க இங்கே கரையில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நீர்த்தேக்கத்தின் கரையில் எங்களுக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே, அடுத்த சிறப்புப் பக்கத்தில் பரிசல் படத்துக்குக் கீழே ஏரி நீரைப் பற்றி ஒரு சிறு பெட்டிச் செய்தியேனும் வெளியிட வேண்டுகிறேன்.

இந்த ஆண்டும் தடைக்காலம் தொடங்கிவிட்டது, வேன் பேசியாகிவிட்டது. அந்த நண்பரும் வருகிறார். கொண்டுபோக வேண்டிய பொருள்களின் பட்டியலில் அரிசிக்கும் அடுப்புக்கும் மேலே, மிதவை கட்டிய 30 மீட்டர் கயிறு என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.