நாங்கள் என்ன தொலைந்தா போயிருந்தோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரச் சுற்றுலா இணைப்பில் ‘1819-ல் சல்லிவன் கண்டுபிடித்த நீலகிரி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை நாங்கள் படித்தது ஓடும் ஜீப்பில். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே படித்த தோழிக்கு 60 வயது. கேக் எல்லாம் வேண்டாம், இத்தனை வருஷம் வெளியூர்க்காரர்களுக்கு வழி காட்டினதோடு சரி, நம்ம மலையின் பழைய இடங்களை ஒரு நாளாவது நாமே பார்ப்போம் என்றாள். ஐந்து பேர், தூக்கு நிறைய எண்ணெகிட்டுப் பலகாரம், பிளாஸ்க்கில் டீ. அவள்தான் உங்கள் தலைப்பைச் சத்தமாக வாசித்தாள். “அதுவரைக்கும் நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் எங்கேடி தொலைந்து கிடந்தார்கள்?” என்று கேட்டாள். ஓட்டி வந்த தம்பிக்கே சிரிப்பு.

தங்களுக்குத் தெரியாததா? தோடரும் கோத்தரும் குறும்பரும் படகரும் இருந்த மலை இது. சரி, வெள்ளைக்காரர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், 1603-லேயே பெனிசியோ என்ற பாதிரியார் ஏறி வந்து தோடர்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு அதிகாரிகள் வந்து போய்ச் சொன்ன பிறகுதான் கோவை கலெக்டர் சல்லிவனே கிளம்பினார். கடைசியாக வந்தவருக்குக் கண்டுபிடித்த பட்டமா?

சல்லிவன் மேல் எங்களுக்குக் கோபமில்லை. நாங்கள் பிழைத்த உருளைக்கிழங்கில் அவர் கை உண்டு. கண்ணேரிமுக்கில் அவர் கட்டிய பெத்தக்கல் பங்களாவை ஆசையாகச் சுற்றிப் பார்த்தோம். ஊட்டியில் 1822-ல் அவர் எழுப்ப ஆரம்பித்த கல் பங்களா இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது, அதை வெளியே நின்று பார்த்தோம். செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்குள் அண்ணாந்து நின்றதில் கழுத்து வலியே வந்துவிட்டது, அந்த உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. அங்கேயுள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் கிடக்கிறார்கள். பிறந்தநாள்காரி அங்கே கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இதில் ஒரு வரியாவது உங்கள் நான்கு பக்கத்தில் உண்டா? போட்டிங், சாக்லேட், மறுபடியும் போட்டிங்.

போன வருஷம் கொடைக்கானல் ஏரிப் படத்தைப் போட்டு ‘ஊட்டி ஏரி’ என்று எழுதினீர்கள். கடிதம் எழுதினேன், வரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும். கோத்தகிரியைக் ‘கொத்தகிரி’ ஆக்கியதைப் பற்றி எழுதவே இல்லை, பழகிவிட்டது.

அப்புறம், ‘எல்லா நாளும் திறந்திருக்கும்’ என்று நீங்கள் எழுதியதை நம்பி நான்காவதாக ஓர் இடத்துக்குப் போனோம். எது என்று சொல்ல மாட்டேன், அங்கே வேலை பார்க்கிறவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். பூட்டு தொங்கியது. பக்கத்தில் கழிப்பறைகூட இல்லை. முட்டிவலிக்காரிகள் ஐந்து பேரும் வாசல் படியில் உட்கார்ந்து எண்ணெகிட்டைத் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘கண்டுபிடித்த’ என்பதை ‘வந்த’ என்று திருத்தி ஒரு வரி போடுங்கள், உங்களுக்கு நான்கு எழுத்து மிச்சம். அடுத்த இணைப்பில் எந்த இடம் எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று விசாரித்துப் போட்டால் இன்னும் நல்லது. அடுத்த மாதம் எனக்கு 60.

இப்படிக்கு,
சந்தா பாக்கி வைக்காத வாசகி,
கோத்தகிரி (கொத்தகிரி அல்ல)