பன்னிரண்டு நாளுக்கு உபயகாரர் தேவை

சாவகச்சேரி
பங்குனி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்திலும் தபாலில் கடிதம் போடுகிற ஆள் நீ ஒருத்தன்தான் என்று தபால்காரத் தம்பி சிரிக்கிறான். இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் படியேற மாட்டேன் என்கிறது. உன் வளவுப் பலா இந்த முறை அடியிலேயே காய்த்துத் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே இரண்டு பிடுங்கிவிட்டார், நானும் கண்டும் காணாததுமாக விட்டுவிட்டேன். மகளின் கலியாணப் படங்கள் பார்த்தோம். மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற விதத்திலேயே அங்கே பிறந்த பிள்ளை என்று விளங்குகிறது.

இனி நீ கேட்ட விஷயம். "உன்ர மருமகள் ஊரைப் படம் எடுக்கிறன் எண்டு காசு சேர்க்கிறாளாம், உண்மையோ?" என்று எழுதியிருந்தாய். கனடாவில் ஸ்காபரோ வரைக்கும் கதை போய்விட்டதென்றால் நானே முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது.

அக்காவின் கடைசிப் பெட்டை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படிக்கிறாள். இறுதியாண்டுக்கு ஒரு ஆவணப்படம் செய்ய வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது எங்கள் பட்டினத்தின் ஒரு நாள். விடியச் சந்தை கூடுவதிலிருந்து இரவு கடைசி பஸ் வெளிக்கிடும் வரைக்கும். "இதில என்ன இருக்கு படம் எடுக்க?" என்று அக்கா கேட்டா. பெட்டை ஒரு கொப்பியை எடுத்து வாசித்தாள். மறவன்புலவிலிருந்தும் மிருசுவிலிருந்தும் விடியமுன் மரக்கறி கட்டிக்கொண்டு வருகிற சைக்கிள்கள். பின்னேரம் ரியூசன் விட்டு ஒரே நேரத்தில் தெருவை நிறைக்கிற பிள்ளைகள். வெளிநாட்டிலிருப்பவர்களின் பூட்டிய வீடுகளுக்குப் பின்னேரத்தில் விளக்கு வைக்கச் சம்பளத்துக்குப் போகிற ஒரு அம்மா. (உன் வீடும் அந்தக் கணக்கில் வரும், கோபிக்காதே.) லீசிங் தவணைக்கு ஓடுகிற ஓட்டோக்காரப் பெடியன்.

சந்தைக் கதையைத்தான் அவள் நிறைய எழுதி வைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்துச் சந்தைகளில் கமக்காரன் கொண்டுவருகிற மரக்கறியில் நூற்றுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று வெட்டிக்கொள்கிற வழக்கம் உனக்கு ஞாபகமிருக்கும். அதைப் பற்றி எத்தனை கூட்டம், எத்தனை தீர்மானம். கேட்டால் வியாபாரி அழுகலைக் காட்டுவார், கமக்காரன் தன் கையைக் காட்டுவார். இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிற ஆட்களை அவள் பிடித்து வைத்திருக்கிறாள். இருவரும் ஒரே தேத்தண்ணிக் கடையில்தான் காலமை குடிக்கிறார்கள். இதைச் சொன்னபோது அக்காவே வாய் மூடிக்கொண்டா.

காசுக் கதைக்கு வருகிறேன். கமெரா பல்கலைக்கழகத்தில் இரவல் கிடைக்கும், பிள்ளைகள் சம்பளமில்லாமல் வேலை செய்வார்கள், அப்புறம் என்ன செலவு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். படம் பிடிக்கிற செலவு குறைவு மச்சான், பிடித்ததை முடிக்கிற செலவுதான் முறிக்கிறது. முதலாவது சத்தம். சந்தைக்குள் ஒரு மனுசன் கதைப்பதைக் கமெராவோடு வருகிற மைக்கில் எடுத்தால் லொறிச் சத்தம்தான் கேட்கும், அதனால் ஒலிப்பதிவு தெரிந்த ஒரு ஆள் வேண்டும். எடுத்ததெல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு வீட்டில் இருக்க வேண்டுமாம், ஒன்று செத்தால் மற்றது. கண்டி, காலியிலும் காட்ட நினைப்பதால் சிங்களத்தில் எழுத்து ஓட வேண்டும், ஆங்கிலத்திலும் வேண்டும். தேத்தண்ணிக் கடை ரேடியோவில் ஓடுகிற சினிமாப் பாட்டு இருக்கிறதே, அது படத்துக்குள் வந்தால் பாட்டுக்குச் சொந்தக்காரனிடம் உரிமை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் யூரியூப்பில் போட்ட கையோடு பிரச்சினை. ஆகவே முதலாளியைக் கெஞ்சி ரேடியோவை நிற்பாட்ட வேண்டும், நிற்பாட்டினால் கடை கடை மாதிரி இல்லை. மேலே இருந்து எடுக்க ட்ரோன் என்றால் அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி. அதை அவள் பட்டியலிலிருந்தே வெட்டிவிட்டாள். எனக்கு அது சந்தோஷம். இப்போது எந்தக் கலியாண வீடியோவும் ட்ரோன் இல்லாமல் தொடங்குவதில்லை.

லண்டனிலிருக்கிற ஒரு தம்பி, இணையத்தில் சனத்திடம் காசு சேர்க்கிற கிக்ஸ்டார்ட்டரில் போடச் சொன்னான். நான் இருந்து வாசித்துப் பார்த்தேன். 2009இல் அமெரிக்காவில் தொடங்கியது. கேட்ட தொகை குறித்த நாளுக்குள் முழுதாகச் சேராவிட்டால் ஒரு சதமும் கைக்கு வராது. சேர்ந்தால் 5 வீதம் அவர்களுக்கு, கார்ட் செலவு வேறு. அதெல்லாம் பரவாயில்லை. இலங்கையிலிருந்து தொடங்க முடியாது, கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கிற ஒருவர் தன் பேரில் தொடங்க வேண்டும். உன் பேரில் தொடங்கி, நாளைக்கு வரிக்காரர் உன்னிடம் வந்து கேள்வி கேட்டால் அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்.

பிறகு ஒரு பெரிய மனுசர் வந்தார். ஆளை எழுத மாட்டேன், உனக்கும் பழக்கம்தான். முழுக் காசையும் தானே தருகிறாராம். சின்னதாக இரண்டு விருப்பம். படம் அவருடைய கோயில் கும்பாபிஷேகத்தில் தொடங்க வேண்டும், அவருடைய அப்பாவின் பழைய வீட்டைப் பற்றி ஒரு ஐந்து நிமிஷம் வர வேண்டும். அதோடு 2000ஆம் ஆண்டுச் சண்டையில் பட்டினம் தரைமட்டமான கதையையும் விரிவாகச் சொல்லச் சொன்னார், அதைச் சொன்னால்தான் வெளிநாட்டில் சனம் அழுமாம். பெட்டை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, அந்தக் கதையை நான் விடேல்லை. சந்தையைச் சுத்தி 2000க்கு முந்தின சுவர் எது எண்டு தேடுறது படத்தில வருது. ஆனா ஆரையும் அழப்பண்ண எடுக்கேல்லை" என்றாள். அவர் காசையும் கொண்டு போய்விட்டார்.

அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, நான் பெட்டையின் பக்கம் நின்றேன் என்று. நிற்காமல்? முழுக் காசும் ஒரு கையிலிருந்து வந்தால் அந்தக் கைதான் படத்தை எடுக்கும். எங்கள் யாழ்ப்பாண நூலகத்தை நினைத்துப் பார். 1933இல் செல்லப்பா என்கிற ஒரு மனுசர் தன் வீட்டில் வைத்துத் தொடங்கியது. பெரிய கட்டடம் கட்ட வேண்டுமென்று வந்தபோது கார்னிவல் வைத்தார்கள், லொத்தர் விற்றார்கள், அப்படிச் சில்லறை சில்லறையாகச் சேர்ந்த காசும் போய்த்தான் 1959இல் திறந்தது. லொத்தர்ச் சீட்டு வாங்கினவன் போய் இந்தப் புத்தகத்தை வை, அந்தப் புத்தகத்தை எடு என்று சொல்லியிருப்பானா? 1981இல் எரிந்தபோது அவ்வளவு பேரும் தங்கள் சொத்து எரிந்ததாக அழுததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வழி சொன்னது கடைசியில் அக்காதான். கோபம் ஆறி, மரக்கறி வெட்டிக்கொண்டே, "திருவிழாவுக்கு உபயம் பிரிக்கிற மாதிரிப் பிரியுங்கோவன்" என்றா. பெட்டை துள்ளி எழும்பிவிட்டாள். படப்பிடிப்புப் பன்னிரண்டு நாள். ஒரு நாள் ஒருவருடைய உபயம், அந்த நாளின் சாப்பாடு, ஓட்டோ, ஒலிப்பதிவுக்காரரின் கூலி எல்லாம் அதில் அடங்கும், படம் முடிக்கிற செலவில் ஒரு பங்கும் சேரும். ஒருவருக்கு ஒரு நாளுக்கு மேல் இல்லை. கடைசியில் பன்னிரண்டு பேரும் ஒரே அளவு எழுத்தில் வரும். என்ன எடுப்பது என்று உபயகாரர் கேட்கக் கூடாது. ஐயரிடம் போய் இந்த மந்திரத்தைச் சொல்லு என்று உபயகாரர் சொல்வதில்லைத்தானே. (சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.) வரவு செலவைத் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒட்டுகிறாள்.

நோட்டீஸ் கையில் எழுதி போட்டோக் கொப்பி அடித்துக் கொடுத்தோம். தேர்த் திருவிழாவுக்கு அடிபடுகிற மாதிரி எல்லாரும் சந்தை நாளைத்தான் கேட்டார்கள்! அதை மூன்று வியாபாரிகளும் இரண்டு கமக்காரரும் கூட்டாக எடுத்திருக்கிறார்கள். கழிவுக் கதை வருகிறது என்று முன்கூட்டியே சொல்லித்தான் வாங்கினாள். "வரட்டும், எங்கட பக்கத்தையும் போடு" என்றாராம் ஒருவர். ஸ்ராண்ட் ஓட்டோக்காரர்கள் காசில்லை, ஒரு நாள் ஓடித் தருகிறோம் என்றார்கள். ரியூசன் வாத்தியார் ஒரு நாள், மருந்துக்கடை ஒரு நாள், ஸ்ரேசன் பக்கம் பேக்கரி வைத்திருப்பவர் ஒரு நாள். அவருக்கு ரயில் காட்டுகிற நாள்தான் வேண்டும். 1990இல் நின்ற ரயில் 2014இல் திரும்பி வந்தபோதுதான் தன் கடைக்கு உயிர் வந்தது என்று பெட்டைக்கு ஒரு மணித்தியாலம் சொல்லியிருக்கிறார். நான் ஒரு நாள் எடுத்தேன், பென்சனில் அவ்வளவுதான் முடியும்.

இன்னும் ஆறு நாள் கிடக்கிறது. பூட்டிய வீடுகளுக்கு விளக்கு வைக்கிற நாளும் அதில் ஒன்று. ஊரில் யாரும் அதைத் தொடவில்லை, அது வெளிநாட்டுக்காரருடைய நாள் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். எங்களோடு படித்தவர்கள் அங்கே கனபேர். நீ ஆறு நாளையும் எடுத்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். ஆறு பேரைப் பிடி. வீட்டைக் காட்டுவீர்களா என்று கேட்கிறவனை விட்டுவிடு, எந்த வீடு என்று அவள்தான் பார்த்து எடுப்பாள். காசைத் தனித்தனியாக அனுப்பாமல் ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால் வங்கி ஒவ்வொரு தரமும் வெட்டுகிறது மிச்சம்.

சித்திரையில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மைக்குக்கு மேலே போடுகிற மயிர் உறை ஒன்று இருக்கிறதாம், காற்றுச் சத்தத்தை மறிக்கிறது, அங்கே கமெராக் கடைகளில் கிடைக்கும் என்று பெட்டை சொல்கிறாள். மைக்கின் பேரும் அளவும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாள். மறக்காமல் கொண்டு வா. வைகாசி பிறந்து சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால் வெளியில் ஒரு சொல்லும் பதிய முடியாது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்