பன்றிக்குட்டிக்கு மூலிகைப் பொடி: அளவும் முறையும் வேண்டாமா?

ஐயா,

குட்டிகளின் கழிச்சலுக்குக் கொடுத்துவந்த கொலிஸ்டின் என்ற பாக்டீரியாக்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்கவும் தீவனத்தில் சேர்க்கவும் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. இப்போது அதற்கு மாற்று என்று பூண்டு, மஞ்சள் கலந்த பொடிகளை வெண்பன்றிப் பண்ணைகளில் விற்கிறார்கள். பொடியைக் குறை சொல்லவில்லை. எதில் எவ்வளவு இருக்கிறது, எப்படிக் கலப்பது என்று பாக்கெட்டில் போடாமல் விற்பதுதான் தவறு.

குட்டிகளுக்குக் கழிச்சல் அதிகம் வருவது பால் மறக்கடித்த முதல் இரண்டு வாரத்தில்தான். தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பு நின்றுவிடுகிறது. இரைப்பையில் அமிலம் இன்னும் போதுமான அளவு சுரப்பதில்லை. சத்தை உறிஞ்சும் குடல் விரல்கள் குட்டையாகிவிடுகின்றன. செரிக்காத சோயாப் புரதம் பெருங்குடலில் ஈ.கோலை என்ற கழிச்சல் கிருமிக்குத் தீனியாகிறது. அந்த நேரத்தில் புது மணமுள்ள பொடியை முதன்முதலாகக் காட்டினால் குட்டி தொட்டியை முகர்ந்துவிட்டு ஒதுங்கும். பிறந்த இரண்டாவது வாரத்தில் குட்டித் தீவனம் வைக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

100 கிலோ தீவனத்துக்குப் பூண்டுப் பொடி 200 கிராம், மஞ்சள் தூள் 200 கிராம் போதும். கூடப் போட்டால் நெடிக்குத் தீனி எடுப்பது குறையும், எடையும் போடாது. பொடியை நேராக மூட்டையில் கொட்டாமல் முதலில் 2 கிலோ மக்காச்சோள மாவில், பிறகு 10 கிலோ தீவனத்தில், கடைசியாக மொத்தத்தில் கலக்க வேண்டும். பூண்டை வேகவைத்து அரைப்பவர்கள் இருக்கிறார்கள். வெந்த பூண்டுப் பல்லில், கிருமியை அடக்கும் அல்லிசின் என்ற பொருள் உண்டாகாது. பச்சையாக மெல்லிசாகச் சீவி, நிழலில் மொறுமொறுவென்று உலர்த்தி அரைக்க வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேர்ந்தால் ஈரல் கெடும். ஓட்டல் கழிவு போடுகிறவர்கள் அதைக் கொதிக்க வைத்து ஆறிய பிறகே பொடியைத் தூவ வேண்டும். மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைப்பது நல்லது. உதிரித் தூளில் ஈய குரோமேட் என்ற நச்சு மஞ்சள் நிறமி கலப்படம் இருக்கலாம்.

ஈரத் தரையும் குளிர்காற்றும் இருக்கும் கொட்டகையில் எந்தப் பொடியும் எடுபடாது. கழிச்சலில் ரத்தம் கண்டாலோ கண் உள்வாங்கினாலோ உப்பு, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பலன் தெரிய, ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பொடி கொடுத்து, நான்கு வாரம் எடை போட்டுப் பார்க்கலாம். பொருள்வாரி அளவு, தயாரித்த தேதி, ஈரப்பத விகிதம் இந்த மூன்றும் அச்சிடாத பொடியை விற்க அனுமதிக்கக் கூடாது என்று கால்நடைத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

– வெண்பன்றி வளர்ப்போர் சிலர்,
ஈரோடு மாவட்டம்